கார் கண்டுட்டுது, ராத்தா

கார் என் புருசனை முட்டவில்லை. இதை என்னிடம் சொல்லாத ஆள் சாய்ந்தமருதில் மிச்சம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மார் சொன்னார்கள். அவரை நோய் விசாரிக்க வந்த பள்ளிவாசல் ஆட்கள் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்கள். முட்டவில்லைதான். நானும் அந்தக் காருக்குள்ளேதான் இருந்தேன், எனக்கே சொல்லித் தருகிறார்கள். முட்டாமலேயே ஒரு மனிசனின் கையை உடைக்கலாம் என்பதைத்தான் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

கார் என் தம்பியுடையது. பல வருசம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவன். வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதும் முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கினான். கரண்டில் ஓடும் கார், சத்தமே கிடையாது. வீதியில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தானே திருப்பும், முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். கையை ஒப்புக்கு வைத்திருந்தால் போதும் என்றான். அவன் இருந்த நாட்டில் சாரதியே இல்லாத கார்கள் ஆட்களை ஏற்றி இறக்குகின்றனவாம், கொஞ்சக் காலத்தில் இங்கேயும் வந்துவிடுமாம். அதற்கு நித்திரை வராது, கோபம் வராது, அது போன் பார்க்காது, சைக்கிள்காரருக்கு இனிமேல்தான் நல்ல காலம் என்று உம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து மௌலவி மாதிரி பயான் பண்ணினான். உம்மா மாஷா அல்லாஹ் என்றார்.

நானும் அன்று தலையாட்டினேன், அதை மறைக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாரதிமார் ஒன்றும் அவுலியாக்கள் இல்லை. பிரைவேட் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது என் புருசன் எத்தனையோ தரம் சைக்கிளோடு வாய்க்கால் ஓரத்துக்கு இறங்கியிருக்கிறார். அவர் விவசாயி. காரைதீவு தாண்டி இருக்கிறது எங்கள் வயல். அங்கே போகவும் வரவும் சைக்கிள்தான், எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே. அந்த பஸ்காரர்களைத் திருத்த ஒரு மெசின் வருமென்றால் வரட்டுமே என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. இந்த வீதியில் சைக்கிள் ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அது திமிர் இல்லை. கரியரில் புல்லுக்கட்டு இருக்கும், நெல் மூட்டை இருக்கும், மீன் பெட்டி இருக்கும். பாரத்தோடு போகும்போது தலையைத் திருப்பினால் ஹேண்டிலும் கூடவே திரும்பிவிடும். அதனால் பின்பக்கத்தைக் காதாலேயே பார்த்துக்கொள்வார்கள். பின்னால் வருகிற வாகனம் கொஞ்சம் தூரத்திலேயே ஹோனை இரண்டு தரம் மெல்லமாகத் தட்டும். அது ஏச்சு இல்லை, நான் வாறன் என்ற அறிவிப்பு. சைக்கிள்காரர் சற்று ஒதுங்குவார். ஒதுங்க இடமில்லையென்றால் வலது கையைப் பின்பக்கம் காட்டி, பொறு என்பார். எப்பேர்ப்பட்ட பஸ்காரனும் அந்தக் கைக்குப் பொறுப்பான், பொறுத்துக்கொண்டே வாய்க்குள் ஏசுவான். ஏசட்டும், அதனால் யாருக்கு என்ன.

அறுவடைக் காலத்தில் இது இன்னும் முக்கியம். வீதியோரம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். காற்றுக்குத் தூக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்திருப்பார்கள். படங்கு வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயும் வந்து கிடக்கும். சைக்கிள்காரர் அந்த இடத்தில் நடுவீதிப் பக்கம் வளைந்துதான் போக வேண்டும். இது இங்கே லைசன்ஸ் இல்லாதவனுக்கும் தெரியும். நெல்லைத் தூரத்தில் கண்டதுமே கை தானாக ஹோனுக்குப் போகும்.

அன்று அட்டாளைச்சேனையில் ஒரு கலியாணச் சாப்பாடு. வயலில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் என் புருசன் வரமாட்டேன் என்றுவிட்டார். தம்பியின் காரில் நானும் உம்மாவும் போனோம். திரும்பி வரும்போது நிந்தவூரைக் கடந்து, இரண்டு பக்கமும் வயல் இருக்கும் அந்த நேர் வீதியில், தம்பி ஸ்டியரிங்கில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, ராஜா மாதிரிச் சாய்ந்து இருந்தான். முன்னால் ஒரு சைக்கிள் போனது. கரியரில் புல்லுக்கட்டு, அதற்கு மேல் மம்மட்டி. தொப்பியையும் முதுகையும் பார்த்ததும் எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் முன்னால் படங்கு விரித்திருந்தது.

"தம்பி, மச்சான் போறார். ஹோன் அடி."

"தேவல்ல ராத்தா. கார் கண்டுட்டுது. இந்தா பாருங்க, ஸ்கிரீன்ல இரிக்கார்."

பார்த்தேன். ஸ்கிரீனில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பொம்மை சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தது. படங்கு அதில் இல்லை, நெல்லும் இல்லை. நான் திரும்பவும் ஹோன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நெல்லைச் சுற்றிப் போக வலப்பக்கம் வளைந்தார். கார் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தது, கொஞ்சம் விலகியது, கடந்தது. அதன் கணக்குக்கு அது போதும். அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல், திடீரென்று ஒரு கார். வெருண்டு இடப்பக்கம் ஒடித்தார். முன் சில்லு மூலைக் கல்லில் ஏறியது. சைக்கிள் படங்குக்கு மேல் விழுந்தது, அவர் தார் வீதியில் கையை ஊன்றி விழுந்தார்.

கார் அவரைக் கண்டது, அவர் காரைக் காணவில்லை. இந்த இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள்தான் இந்த மாதிரிக் கார்களைச் செய்கிறார்கள், வாங்குகிறார்கள், மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள். ஒரு வீதியில் ஒருவர் மட்டும் மற்றவரைப் பார்த்தால் போதுமா? பார்க்கப்படுகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வெட்டுக் காலத்தில் வலது கை இல்லாத விவசாயி வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார்? ஹோலில் கதிரை போட்டு, வருகிறவர்களிடம் நலம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி. அந்தக் கார் எல்லாவற்றையும் வீடியோ எடுக்குமாம். வருகிற ஒவ்வொருவருக்கும் அதைப் போனில் போட்டுக் காட்டினான். இந்தா பாருங்க, இவ்வளவு இடைவெளி இரிக்கி. இந்தா, மச்சான் திரும்பியே பார்க்கல்ல. அவர்களும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, ஓம் ஓம், ஒருக்காத் திரும்பிப் பார்த்திருக்கலாம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க இதே வீதியில் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் ஓடியவர்கள்தான் அவர்களும். வீடியோவைக் கண்டதும் எல்லாம் மறந்துபோய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளேன்டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னாலேயே கேட்டேன்.

"அந்த வீடியோவில ஹோன் சத்தம் எங்க இரிக்கி? அத ஒருக்காப் போட்டுக் காட்டு."

தம்பி முகம் சுருங்கிப்போனான். வெளிநாட்டில் ஹோன் அடிப்பது மரியாதைக் கேடு, அடிக்காமல் ஓடிப் பழகிவிட்டது என்றான். கார் தானாக ஹோன் அடிக்காதாம், அந்தச் சைக்கிளால் தனக்கு ஆபத்து இல்லை என்று அதற்குத் தெரிந்துபோயிற்றாம். தனக்கு ஆபத்து இல்லை. நல்ல கதை. சைக்கிளால் காருக்கு எப்போதுதான் ஆபத்து வந்தது?

பஸ்காரன் விழுத்தியிருந்தால் ஸ்டாண்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். தம்பியைப் பிடித்தால் கார்தான் ஓடியது என்கிறான். காரைப் பிடித்து எப்படி ஏசுவது? நாளைக்கு உள்ளே ஆளே இல்லாத கார் வந்தால் பொறு என்று கை காட்டுவது யாருக்கு?

என் புருசன் என்னைத்தான் அடக்கினார். சின்னப் பொடியன், உட்டுடு என்றார். அந்தப் பொடியனுக்குத் தலை நரைத்துவிட்டது. இரவில் அவர் ஒரு கையால் சோறு பிசைய முடியாமல் பட்ட பாட்டைப் பார்க்கப் பார்க்க, உட்டுடு என்ற சொல்லின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு தம்பி ஒரு பையோடு வந்தான். ஹேண்டிலில் பூட்ட ஒரு கண்ணாடி, போட்டுக்கொள்ள மினுங்கும் மஞ்சள் அங்கி. இதைப் போட்டால் எந்தக் காரும் தூரத்திலேயே காணும் என்றான். வீதிக்குப் புதிதாக வந்தது கார், உடுப்பு மாற்ற வேண்டியது இவராம். பையோடு தூக்கி வெளியே போட இருந்தேன். அவர் வாங்கிவிட்டார். அடுத்த நாளே கண்ணாடியைப் பூட்டினார், அங்கியையும் போட்டார்.

என் ஏச்சு தம்பியிடம் வேலை செய்தது என்றுதான் நான் நம்பியிருந்தேன். சில கிழமை கழித்து உம்மாவைக் கிளினிக்குக்குக் காட்டிவிட்டு அவன் காரில் வந்தோம். அதே நேர் வீதி. நெல்லெல்லாம் அள்ளி முடிந்து வீதியோரம் வெறுமையாகக் கிடந்தது. முன்னால் மஞ்சள் அங்கி, வெறும் கரியர். நான் சொல்லாமலே தம்பி தூரத்தில் வைத்து ஹோனை இரண்டு தரம் மெல்லமாகத் தட்டினான். முறையாகத்தான் தட்டினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவர் ஒதுங்கவில்லை. பிரேக்கைப் பிடித்தார். காலை ஊன்றினார். சைக்கிளை விட்டு இறங்கி, அதை வீதியோரக் கிறவல் மண்ணுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, முழுதாகத் திரும்பி நின்று, கார் போகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டதாகவே தெரியவில்லை. இவ்வளவு வருசத்தில் அந்த முகத்தில் நான் காணாத பயம் அது.

"பார்த்தீங்களா ராத்தா," என்றான் தம்பி, சந்தோசமாக. "மச்சான் இப்ப எவ்வளவு கவனமா ஓடுறார்."

காரை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டான், உம்மாவும் கேட்டார். பதில் சொல்லியிருந்தால் ஏச்சாகத்தான் வந்திருக்கும். இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு, அவரிடம் நடந்து போனேன். அபாயாவைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் கரியரில் ஏறி உட்கார்ந்தேன். இந்த வயதில், பட்டப்பகலில், படிப்பிக்கிற டீச்சர். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"முன்னுக்குப் பார்த்து ஓடுங்க," என்றேன். "பின்னுக்கு நான் பாக்கிறன்."

காரைதீவு தாண்டி வீடு வந்து சேரும்வரை, பின்னால் வந்த ஒவ்வொரு வாகனத்தையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.