படையல் பழம்

கிளிநொச்சியில் என் பேத்தியின் பல்லைப் பார்க்கக் கையுறை எடுத்த டொக்டர், "மூச்சு இழுப்பு இருக்கிற பிள்ளை. பலூன் ஊதினால் உதடு வீங்குமோ?" என்று கேட்டார். பேத்தி தலையாட்டினாள். ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று கையுறையை அப்பால் வைத்தார்.

அந்த ரப்பர் மணம் என்னை உருத்திரபுரத்து வீட்டுக்குக் கொண்டுபோனது. சிறுவயதில் ஒரு பொங்கலன்று, இழுப்புக்காரியான தங்கையிடம் பலூனை நீட்டினேன்.

"வாய் அரிச்சுக் கடிக்குது, அண்ணை."

"நடியாதை, ஊதடி."

ஊதினாள். உதடு வீங்கி மூச்சு இழுத்தது. அடிக்குப் பயந்து, "படையல் பழத்தைக் களவாய்த் திண்டவள், ஐயா" என்று அப்பாவிடம் சொன்னேன். சாமி குற்றம் என்று வீடே நம்பியது. இரைத்துக்கொண்டே அவள் சாமிப் படத்துக்கு முன் தோப்புக்கரணம் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று தங்கைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயாவும் அம்மாவும் போயிட்டினம். பழம் நான் தின்னேல்லை எண்டு இனி ஆரிட்டச் சொல்லுறது, அண்ணை?"