யோகா அண்ணனின் செயின் சுத்தமாகத்தான் இருந்தது

யோகா அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் ஹாலிஎலக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில், பார்சலோடு வரும்போது பைக் செயின் அறுந்து பின் சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

பதுளையில் ஒரு கூரியர் ஒபிஸில் நான் முன்பு கவுண்டரில் இருந்தேன். தோட்டங்களுக்குப் பார்சல் கொண்டுபோனவர் அவர். பைக் ஒபிஸுடையது.

ஒபிஸ் பேஸ்புக் பேஜில் அஞ்சலி போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில், "வாகனங்களை ஒழுங்காகப் பராமரிப்போம்" என்று அட்வைஸ் வேறு. வெட்கமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒபிஸ் பின்பக்கம் மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைக்கும். அண்ணன் பைக்கை டபிள் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்த டூத் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பிறகு துணியால் துடைத்து, கியர் ஒயில் விடுவார்.

எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்த ஒரு ரைடரை ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி ஏசினார். "நிப்பாட்டுடா! வெரல் வேணாமா ஒனக்கு?"

எங்களிடம் பிரஷ் கேட்டு நச்சரிப்பார். "தங்கச்சி, வீட்ல பழைய பிரஷ் கெடந்தா வீசிராதீங்க. கொண்டாங்க."

"உங்க பல்ல விட இதத்தான் நல்லா வெளக்குறீங்கண்ணே" என்பேன்.

"பல்லு போனா கட்டிக்கலாம். இது எறக்கத்துல அறுந்தா என்னையப் பொறுக்கித்தான் எடுக்கணும்."

சிரித்தோம். எல்லோரும்தான் சிரித்தோம்.

ஒருநாள் மெனேஜரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். செயினை ஒரு விரலால் இழுத்துக் காட்டினார். பின் சக்கரத்துப் பல்லை விட்டு அப்படியே எழும்பி வந்தது.

"சார், இனி கழுவிப் பிரயோசனம் இல்ல. இழுத்துப் போச்சு. பல்சக்கரமும் சேத்து செட்டோட மாத்தணும்."

"கொஞ்சம் ஒயில் போட்டு ஓட்டுங்க யோகா. ஹெட் ஒபிஸ்ல சொல்லியிருக்கேன்."

பிறகு கராஜுக்கு அனுப்பி ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு இறுக்கினார்கள். எங்கள் பக்கம் பாதி பைக் இப்படித்தான் மலை ஏறுகிறது. தொய்வு போய்விடும்... தேய்மானம் எங்கே போகும்?

அடுத்த சனிக்கிழமையும் அண்ணன் பிரஷ்ஷோடு குந்தியிருந்தார்.

அறுந்தது அதே செயின்தான் என்று ரைடர்கள் சொல்கிறார்கள்.

பேஜில் போட்டிருக்கும் போட்டோ ஆயுத பூஜையன்று நான் எடுத்தது. பைக்குக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பக்கத்தில் அண்ணன், மற்றப் பக்கம் மெனேஜர். இப்போது அதில் மெனேஜரும் இல்லை, பைக்கும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இன்று அடக்கம். மெனேஜர் அண்ணனின் லயத்து வீட்டுக்கு வந்தார். அண்ணனின் மனைவியிடம் மெதுவாக, "செயின அவர் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்மா" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கெழம சட்டையெல்லாம் தொவைச்சது நான் சார். அந்த மண்ணெண்ண வாடை இன்னும் என் கையில இருக்கு. மோந்து பாக்குறீங்களா?"

கையை நீட்டியபடியே இருந்தார். மெனேஜர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெட்டாத போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன். பெரிதாக்கி அந்தச் செயினைப் பாருங்கள்.

போய்ட்டு வாங்கண்ணே.

ஒங்களுக்குன்னு எடுத்து வச்ச பழைய பிரஷ் ரெண்டு, இன்னும் வீட்லதான் கெடக்கு...