மைக்கில் போன என் காது

இந்த வாரம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். சிரிப்பதற்காக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

பகலில் நான் அரசாங்க குமாஸ்தா. முகூர்த்த நாட்களில் எங்கள் திருவண்ணாமலை மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது – நடுவில் மூன்று வாரம் என் கிட்டாரில் சுருதி நிற்கவில்லை. சேர்த்து வைத்தால் ஒரு பாட்டு தாங்கும். இரண்டாவது பாட்டின் சரணத்தில் கம்பி இறங்கிவிடும்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பாதிக் கச்சேரியில் அதேதான் நடந்தது. குழுவை நடத்தும் மாஸ்டர் அக்கார்டியனை இறக்கி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"மன்னிக்கணும்... நம்ம கிட்டார்காரருக்கு இன்னிக்குக் காது சரியில்ல. கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுப்பாரு!"

பந்தலே சிரித்தது. பந்தல் மட்டுமா? புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். என் மனைவியின் அக்கா அதே ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். மறுநாளே வீட்டுக்குச் செய்தி வந்துவிட்டது – "உங்க ஊட்டுக்காரருக்குக் காது கேக்கலியாமே?"

மேடையை விட்டு இறங்கியதும் மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார்.

"அடுத்த புரோகிராம்லயும் இப்டின்னா வேலூர்லேர்ந்து வேற ஆளைப் போட்டுடுவேன். அப்பறம் வருத்தப்படாத."

பதினோரு வருஷமாக உட்காரும் நாற்காலி, ஐயா!

உடனே ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். "வோல்டேஜ் கம்மி சார். டேப் ரிக்கார்டர் இழுக்குதுல்ல, அதே கதைதான்" என்று மைக் செட்காரர் ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தபேலாக்காரர் மழை ஈரம் என்றார். கரண்ட் சத்தத்தைப் பெரிதாக்கத்தான், சுருதி கம்பியின் முறுக்கில் இருக்கிறது என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது? கிட்டாரைக் கையில் வாங்கி ஒருத்தராவது பார்த்தாரா? எல்லோரும் என் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆபீசுக்கு லீவு போட்டு வேலூருக்குப் போய்க் காது டாக்டரிடம் காட்டினேன்.

"காது நல்லாத்தான் இருக்கு. யாருங்க உங்களை வரச் சொன்னது?" என்றார் அவர்.

நல்ல கேள்வி.

போன ஞாயிறு காலை கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி மாற்றி ஒரு மாசம்தான் ஆகிறது. திருகும் கீயெல்லாம் இறுக்கமாக இருந்தது. ஆனால் கீயைத் திருகினால் சுருதி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். 'டிக்'கென்று ஒரு சத்தம், ஒரேயடியாக மேலே தாவியது. கம்பி எங்கேயோ சிக்குகிறது!

கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்கார ஒரு வெள்ளைக் கட்டை உண்டு. அதில் ஆறு சின்னப் பள்ளங்கள். கம்பியைத் தளர்த்தித் தூக்கிப் பார்த்தேன். ஆறிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது.

சந்தனம்!

ஆயுத பூஜைக்கு எல்லா வாத்தியத்தையும் மாஸ்டர் வீட்டில் வைத்துப் படைப்போம். சந்தனம் வைப்பது அவர் உரிமை, வேறு யாரும் தொடக் கூடாது. என் கிட்டாருக்கு அந்த வெள்ளைக் கட்டை மேலேயே, பக்தி ஜாஸ்தியாகி, அப்பியிருக்கிறார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று நானும் மேலே தெரிந்த பொட்டை அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

பழைய டூத் பிரஷால் பள்ளங்களைத் தேய்த்தேன். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரியைத் தடவினேன். கம்பி வழுக்கிக்கொண்டு போயிற்று. அரைமணி வேலை. அன்று மத்தியானம் முழுக்க வாசித்தேன், ஒரு இம்மி இறங்கவில்லை.

சாயங்காலமே பிரஷை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அதில் ஒட்டியிருந்த சந்தனத் தூளைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சாமி விஷயம்ப்பா... வெளிய சொல்லிக்கினு இருக்காத."

"சந்தனத்தைச் சொல்ல வேணாம் மாஸ்டர். என் காது நல்லா இருக்குன்னு மட்டும் மைக்குல சொல்லிடுங்க."

"அதெப்டிப்பா மைக்குல சொல்றது?"

"அன்னிக்கு எப்டி சொன்னீங்களோ, அப்டித்தான்!"

முந்தாநாள் செங்கம் ரோட்டு மண்டபத்தில் கச்சேரி. கடைசிப் பாட்டு வரைக்கும் கிட்டார் கல்லு மாதிரி நின்றது. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். மாப்பிள்ளைக்கு நன்றி, சமையல்காரருக்கு நன்றி, ஸ்டெபிலைசர் கொடுத்தவருக்குக்கூட நன்றி! நான் காத்துக்கொண்டே நின்றேன். மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். என் காதோரம் குனிந்தார். "மனசுல வச்சுக்காதப்பா" என்று கிசுகிசுத்தார்.

எந்தக் காது சரியில்லை என்று ஊருக்கே சொன்னாரோ, அதே காதில்!

திட்டுவதற்கு மைக் வேண்டும், மன்னிப்புக்கு மட்டும் ரகசியமா? ஆபீசிலும் இதைத்தான் பார்க்கிறேன், வீட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். மாஸ்டரை மட்டும் சொல்வானேன்?

போகட்டும். கீழ்பென்னாத்தூர் வாசகர்களே... என் காது நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இதைக் கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.