மைனரின் தலை தப்பிய கதை

காலை பதினொன்றரைக்கு ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கினேன். அப்பாடி, என்ன குளிர்! சட்டைப் பையில் ஒரு கடிதம். அதில்தான் ஒரு பன்றியின் உயிர் இருந்தது.

பன்றியின் பெயர் மைனர். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கீழ் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் அந்தோணி வளர்க்கும் ஆண்பன்றி. எந்த லயத்துப் பெண்பன்றிக்குத் துணை தேவைப்பட்டாலும் அந்தோணி மைனரைக் கயிற்றில் நடத்திப் போவார். கூலி, ஈனும் குட்டிகளில் ஒன்று. மழைக்கு முன் பன்றிக் காய்ச்சலில் அவருடைய குட்டிகள் இரண்டு செத்தன, மைனர் பிழைத்தது. பிறகு மேல் லயத்தில் ஆறு பன்றிகள் விழுந்தன. ஊர் சுற்றுகிறவன்மேல்தானே பழி வரும்? வெட்டிப்போடு என்றார்கள். சோதனைக்கு மாதிரி எடுக்கப் போன இடத்தில், முடிவு வரட்டும் என்று தவணை வாங்கியது நான். பேராதனைக் கால்நடை ஆய்வுகூடத்தில் குழாய் கழுவுகிற எனக்கு அங்கே டாக்டர் பட்டம்!

பன்னிரண்டேகாலுக்கு பஸ். வழி முழுக்கத் தேயிலை. கண்டக்டருக்கும் கதை தெரிந்திருந்தது.

"டாக்டரய்யா, பன்னிக்கு விடுதலையா, தூக்கா?"

"லயத்துல போய்ச் சொல்றேன்."

"டிக்கட் குடுத்தவனுக்கே சொல்ல மாட்டீங்களா!"

இரண்டு மணிக்குக் கீழ் லயத்தை நெருங்கும்போது மயிர் பொசுங்கும் வாடை. மைனரை முடித்துவிட்டார்களா? சேற்றில் விழுந்தெழுந்து ஓடினேன். வாசலில் வாட்டிக்கொண்டிருந்தது ஆட்டுத்தலை! அந்தோணியின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானமாம். பின்னால் மைனர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

இரு லயத்தாரும் கூடினார்கள். கடிதத்தைப் பிரித்து, மாதிரிகளைச் சோதித்த வெளிநாட்டு ஆய்வுகூடம் எழுதியதை விளக்கினேன்.

"ரெண்டு லயத்துலயும் அதே காய்ச்சல்தான். ஆனா கிருமி வேற வேற வகை. மைனர் கொண்டாந்திருந்தா ரெண்டும் ஒண்ணா இருந்திருக்கணும்."

"காய்ச்சல் ஒண்ணு, கிருமி மட்டும் வேறயா? அதெப்படிங்க?" வெட்டச் சொன்னவர்களில் முதல் ஆளான மேல் லயத்துப் பாக்கியம் விடவில்லை.

அந்தோணி முந்திக்கொண்டார். "ஏங்கக்கா, ஒங்க லயத்துலயும் ஒரு பெருமாள், எங்க லயத்துலயும் ஒரு பெருமாள். ஒங்க பெருமாள் குடிச்சா எங்க பெருமாள அடிப்பீங்களா?"

ஒரே சிரிப்பு.

"பன்னிங்க விழறதுக்கு முன்ன என்ன போட்டீங்கக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போல கழனித்தண்ணிதாங்க. மக கல்யாணத்துக்குக் கொழும்புப் பக்கமிருந்து பன்னி எறச்சி வந்துச்சு. கழுவுன தண்ணிய வீணாக்கலாமா? அதையும் பன்னித் தகரத்துல ஊத்தி..." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாலு மணிக்கு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பாக்கியம் வேலிக்கு வெளியே நின்று மைனருக்கு வாழைப்பழம் எறிந்துகொண்டிருந்தார். காய்ச்சல் ஒட்டும், கிட்டே போகக்கூடாதென்று நான் கத்தியிருந்தேன்.

"கோவிச்சுக்காதப்பா மைனரு. எங்க பன்னிக்கூட்ல ஒரு பொண்ணு மிச்சம் இருக்கா."

"டாக்டர் சரின்னதும் வருவான்க்கா," என்றார் அந்தோணி. "மொதல்ல கழனித் தகரத்தக் கொதிக்க வைங்க."

ரயிலில் எனக்கு என் வீட்டு ஞாபகம். பால் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பூனையைத்தான் திட்டுவேன். கண்டிக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டுப் பூனையின் மீசையைப் பார்த்தேன்.