சிவக்காத உமரி

அன்று அண்ணியின் மடி நிறைய உமரி இருந்தது. ஏரியில் இறால் தடவிவிட்டு அப்போதுதான் கரையேறி வந்திருந்தார். இடுப்புவரை சேறு. பறியின் நாரைக் கடித்து இழுத்த தடம் உதட்டோரத்தில் சிவந்து கிடந்தது. பறி என்பது ஓலையில் முடைந்த கூடை. இரண்டு கைகளும் சேற்றுக்குள் இறாலைத் தேடும்போது அதைப் பல்லால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை நாள் அப்படி வாய் திறக்காமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்ததும் பேசித் தீர்ப்பார். "பாப்பா, இங்க வந்து பாரேன். சித்திரை வெயில்ல கூட எப்படி கீதுனு!" என்று எனக்கு மடியை விரித்துக் காட்டினார். தண்டுகள் விரல் பருமனில், கரும்பச்சையாக, ஒடித்தால் நீர் சொட்டும் பதத்தில் இருந்தன.

பழவேற்காட்டுப் பக்கம் உமரியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. உப்புச் சேற்றில் முளைக்கும் கீரை அது. இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, சின்ன இறால் போட்டுக் கிளறுவோம். அதற்கு எங்கள் வீட்டில் உப்பே போடமாட்டோம், கீரையே கொண்டுவந்துவிடும். மழை நின்று ஏரி வற்ற வற்ற, சேற்றில் உப்பு ஏறி, உமரி நுனியிலிருந்து சிவக்கத் தொடங்கும். கோடையில் கரையே செம்மண் கொட்டியதுபோல் ஆகிவிடும். சிவந்தால் பறிப்பதை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஏனோ எங்கள் குப்பத்துக்குத் தெற்கே, சாம்பல் நிறத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்து விழும் வாய்க்காலின் இரு கரையிலும் அது சிவக்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள்.

அண்ணிக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறையாவது நிற்க வேண்டும் என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் போதவில்லை, கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்று பொன்னேரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால்தான் மடியை விரித்துக் காட்டிய கையோடு அண்ணி என்னிடம் கேட்டார்: "நீ செடிதானே படிக்கிற? அந்த வாய்க்கா ஓரத்துது. தெனம் துன்னலாமா? ஒண்ணும் பண்ணாதுல்ல?"

நான் தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. எங்கள் குப்பத்தில் அவ்வளவு படித்த முதல் பெண் என்ற மிதப்பு தலையில் ஏறியிருந்த காலம். கையில் ஒரு தண்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பார்த்தேன். "செடி இவ்ளோ செழிப்பா கீதுன்னா மண்ணு நல்லா கீதுனுதான் அர்த்தம் அண்ணி. தாராளமா துன்னுங்க" என்றேன். இன்றுவரை என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் நான் திரும்பப் பெற விரும்புவது இவற்றைத்தான்.

அண்ணி தினமும் சாப்பிட்டார். அதோடு விட்டாரா? "எங்க நாத்தனா சொல்ட்டா, அவ செடி படிக்கிறா" என்று தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் கூட்டம் கூடியது. பறிக்கப் பறிக்க உமரி முன்னிலும் அடர்த்தியாகத் தழைத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆய்வேட்டுக்கு ஏதாவது ஒரு உப்புச் செடி வேண்டியிருந்தபோது, சோம்பேறித்தனத்தில் அதையே ஒரு பையில் திணித்துக்கொண்டு அனுப்பம்பட்டில் ரயில் ஏறினேன்.

ஆய்வகத்தில் அதைக் காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். முடிவு வந்த தாளைப் பேராசிரியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈயமும் காட்மியமும் இருக்கக் கூடாத அளவில் இருந்தன. "இதை எங்கேருந்து எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்கினார். உமரி உப்போடு வாழப் பழகிய செடி. வேண்டாத உப்பை உயிரணுவுக்குள் ஒரு பையில் பூட்டிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நஞ்சான உலோகம் வந்தாலும் அதே பூட்டுத்தான். வாடாது, மஞ்சளாகாது. சேற்றின் உப்பைக் கரைக்க வாய்க்கால் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சிவக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது பிழைத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்கு ஒரு பொருளும் கிடையாது. நான் அண்ணிக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

ஒரு முறை பார்த்ததை வைத்துப் பேசக் கூடாது, மூன்று முறை செய்துபார் என்றார் பேராசிரியர். அவர் சொன்னது ஆய்வேட்டுக்கு. நான் அதை வீட்டுக்கும் பிடித்துக்கொண்டேன். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம், பிள்ளைத்தாய்ச்சியை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம். ஊரெல்லாம் என் பெயரைச் சொல்லிப் பறித்துக்கொண்டிருந்தது. அன்று மாலை தட்டில் கீரை விழுந்தபோது, வயிறு சரியில்லை என்று ஒதுக்கினேன். மறுநாளும் ஒதுக்கினேன். மூன்றாவது முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. அத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து அண்ணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வெறும் ரசம் சாதம் சாப்பிட்டேன். அழுதுவிடுவேனோ என்று சில நாள் தோன்றும். அப்போதும் சொல்லவில்லை.

கடைசியில் சொன்னேன். அண்ணன் வலை கட்டுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணி கத்தவில்லை, அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "உனுக்கு எப்போ வயிறு சரியில்லாம போச்சு பாப்பா?"

 

பெண் குழந்தை, எடை குறைவாகப் பிறந்தது. இப்போது ஏழு வயது. பேச்சு தாமதமாக வந்தது. இன்னும் சில எழுத்துகள் நாக்கில் நிற்பதில்லை. கீரைதான் காரணமா என்றால் எந்த மருத்துவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடிக்கும் நீர், பிடிக்கும் மீன், வீசும் காற்று என்று எத்தனையோ இருக்கின்றன. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் நிறுத்தினார்கள். "அன்னிக்கு நல்லதுன்ன, இன்னிக்கு கெட்டதுன்ற, இன்னாம்மா உன் படிப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் உமரி இந்தக் கோடையிலும் பச்சையாகத்தான் நிற்கிறது. வெளியூர் ஆட்கள் சைக்கிளில் வந்து மூட்டையாகப் பறித்துப் போகிறார்கள்.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவேன். அண்ணி பழையபடிதான் பேசுகிறார், சிரிக்கிறார், எனக்குப் பிடித்ததைச் சமைக்கிறார். மீனோ கீரையோ, எதுவானாலும் முதலில் என் தட்டில்தான் போடுவார். அவர் மகள் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். கையில் பிசைந்த சோற்று உருண்டையோடு அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மென்று விழுங்கிய பிறகுதான் அதை மகளுக்கு ஊட்டுவார்.