காற்று வீசும்போது வீடு காட்டுகிறவர்

அந்த ஊரைக் கடந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. பார்த்தவர்கள் கொஞ்சம்தான். காரணம், காற்று. இரண்டு குன்றுகளுக்கு நடுவே மதிய ரயில் நுழைந்ததும் மணலை அள்ளிக்கொண்டு எதிரே வரும். பெட்டியில் இருப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஜன்னல்களை இறக்குவார்கள். மறுபடி ஏற்றிப் பார்க்கும்போது ஊர் பின்னால் போயிருக்கும்.

குறை அக்காவும் முதன்முதலில் அப்படித்தான் ஜன்னலை இறக்கிவிட்டு அந்த ஊருக்கு வந்தார். புதுப்பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், அந்த ஊர் ரயில் நிலையத்தில் கொடி காட்டுகிறவர், "எழுந்திரு, விட்டா அடுத்த ஊருக்குப் போயிரும்" என்று தோளைத் தட்டியதால் இறங்கினார்.

காற்று அங்கே நாள் முழுக்க வீசாது. மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரத்துக்கு வரும். வெயில் சாயும்போது, யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் நின்றுவிடும். இடையில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. முன்கதவைத் திறப்பவர் முதலில் பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று குரல் கொடுத்துக் கேட்பார். கடை மேசை, கூரைத் தகரம், வாசல் மிதியடி, எல்லாவற்றின் மேலும் ஒரு கல் இருக்கும். வெளியூர் ஹோட்டலில் ஒருவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டின் விளிம்பை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால், சந்தேகமே வேண்டாம், அவர் இந்த ஊர்க்காரர்.

ஆனால் கொசு கிடையாது. துணி காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காற்று நின்றதும் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும். ஊரே தெருவில் நிற்கும், வெகுநாள் பார்க்காதவர்கள்போல் பேசிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு.

அப்படித் தங்க நினைப்பவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் அக்காவின் தொழில். தொழில் என்று ஆரம்பிக்கவில்லை. அடுத்த வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் ஏதாவது சாக்குச் சொல்லி எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வந்தார். யாராவது வாடகைக்கு வீடு கேட்டால் ஊர்க்காரர்கள், "அந்த அக்காவைக் கேளுங்க, அவங்க நுழையாத வீடு இல்ல" என்று கை காட்டினார்கள். "எட்டிப் பாக்குறதையே உத்தியோகம் ஆக்கிட்டியே" என்று கணவர் சிரித்தார்.

வீடு காட்டும்போது அக்கா முதலில் குறையைத்தான் சொல்வார். "இந்தச் சுவர் மழைக்கு ஈரமாகும்." "பக்கத்து வீட்டுக்காரர் காலையில பாடுவார். நல்லாப் பாட மாட்டார்." சொல்லிவிட்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிலர் ஈரத்துக்கு முகம் சுளிப்பார்கள், பாட்டைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். ஒவ்வொரு மனிதருக்கும் கூடவே வைத்துக்கொள்ள முடிகிற குறை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் வீடு தானாக அமைந்துவிடும் என்பது அவர் கட்சி. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. காற்றை மட்டும் அவர் வாயால் சொல்வதில்லை. காற்று வீசும்போதுதான் வீட்டையே காட்டுவார்.

டாக்டர்கள் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. ஊருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே. அதற்கு டாக்டர் யார் வருவதாக இருந்தாலும் ஊர்த் தலைவரே முன்னால் நின்று, காலையில் வீட்டைக் காட்டி, காலையிலேயே அனுப்பிவைத்துவிடுவார். டாக்டர் பெட்டியோடு வந்து இறங்குவார், சில வாரம் மணலைத் துப்புவார், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்படி ஒரு டாக்டர் போய் இன்னொருவர் வராத இடைவெளியில்தான், ஒரு மதியம், அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலித்தது. எதிர் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஊருக்குப் போக வண்டி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பெண் டாக்டர் வீடு பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. இவரும் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரியையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சேர்ந்து வந்தது. தலைவர் அக்காவின் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, இந்த ஒரு தடவை வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. காலையில காட்டுறோம், கையெழுத்து வாங்குறோம், காத்து வர்றதுக்குள்ள வண்டியேத்தி அனுப்புறோம்."

"அனுப்பிட்டு?"

"வந்து இறங்கினப்புறம் பழகிடும்."

"போன டாக்டருக்குப் பழகுச்சா?"

தலைவர் திரும்பி நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் 'நல்வரவு' என்று எழுதிய பெரிய துணியைக் கட்ட வைத்தார். அதோடு நிற்காமல், பார்த்தால் சந்தேகம் வரும் என்று, கடைத்தெருவில் இருந்த கல் அத்தனையையும் எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னார். மேசைமேல், தட்டிமேல், தகரத்தின்மேல் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. ஊரும் தலையாட்டிக்கொண்டு எடுத்து வைத்தது. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது.

டாக்டர் நாற்பதைத் தாண்டியவர். அவருடைய தம்பி காரோட்டி வந்திருந்தார். காலை வெயிலில் தெரு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தலைவர் சாவியை நீட்டினார். அக்கா அந்தச் சாவியையே பார்த்தார். வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி போகும். திறக்காவிட்டால் டாக்டர் வருவார், போவார், மறுபடி பூட்டு தொங்கும்.

"இப்ப பாக்க வேணாம், டாக்டர். மதியம் சாப்பிட்டுட்டுப் பாருங்க."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"இப்ப எந்த வீடும் நல்லாத்தான் இருக்கும்."

தலைவர் இருமினார். டாக்டர் அக்காவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "சரி, மதியமே பாக்கலாம்" என்றார்.

மதியம் வீட்டுக்குள் நுழைந்து அக்கா கதவைச் சாத்தவும் காற்று வந்து மோதவும் சரியாக இருந்தது. ஜன்னல்கள் கிடுகிடுத்தன. அடுப்படிப் புகைக்கூண்டு ஊளையிட்டது. தம்பி பயந்துபோய், "என்னங்க இது, வீடு பறந்துருமா?" என்றார்.

"இதுவரைக்கும் பறக்கல."

"தினமும் இப்படியா?"

"தினமும்."

"அக்கா, கிளம்பு. இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம்" என்று தன் அக்காவை அழைத்தார் தம்பி. டாக்டர் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துல யாருமே வெளிய வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்ப நான் மதியம் தூங்கலாம்!" டாக்டரின் முகம் அப்படியே இளகியது. "மதியத் தூக்கம்னா எப்படியிருக்கும்னே மறந்து போச்சு எனக்கு."

அந்த முகத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். குறை பொருந்திவிட்ட முகம். இத்தோடு பேசாமல் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நாக்கு கேட்கவில்லை.

"இல்ல டாக்டர். காத்துலயும் வருவாங்க. நான் வந்தேன்."

டாக்டர் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்கு எதிர் வீடு எங்களோடது. அவருக்கு நெஞ்சு வலி. தோளுல சாய்ச்சுக்கிட்டு தெருவைத் தாண்டினேன். டாக்டர் இல்ல, பூட்டித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போய்த் தட்டினேன்."

தம்பி தன் செருப்பைப் பார்த்தார். டாக்டர் மறுபடி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "இங்க இருந்து ஆஸ்பத்திரிக்கு இந்தக் காத்துல எப்படிப் போவீங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் வீடு பார்க்க வந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அக்காவும் இந்தத் தெருவிலிருந்து காற்றில் நடந்ததில்லை.

"தெரியலையே" என்றார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா?" என்ற தம்பியைப் பின்கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள். சுவரை ஒட்டி, தலையைக் குனிந்து, வாயை மூடி நடந்தார்கள். முக்கில் திரும்பியதும் டாக்டரின் துப்பட்டா ஒரு பக்கமும் டாக்டர் மறுபக்கமும் போனார்கள். அக்கா டாக்டரை மட்டும் பிடித்தார்.

கடைத்தெரு கலவரபூமியாகக் கிடந்தது. கல் இல்லாத ஊரில் காற்று வைத்ததுதான் சட்டம். காலண்டர்கள், அட்டைப்பெட்டிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் ஒரே திசையில் பயணம் போய்க்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் 'நல்வரவு' அவிழ்ந்து தலைவரைச் சுற்றிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னிக்குத்தான், டாக்டர், இப்படி! ஒரு நாளும் இப்படி வீசினதில்ல!"

டாக்டர் ஒரு முனையையும் அக்கா மறுமுனையையும் பிடித்து இழுத்துத் தலைவரை வெளியே எடுத்தார்கள். டாக்டர் சிரித்த சிரிப்பில் வாயெல்லாம் மணல். துப்பிவிட்டு ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்தார்.

"அந்த வீடு வேணாம்" என்றார்.

தலைவர் அக்காவைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் மரியாதை இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரி போயிற்று. ஊருக்கு இனி என்ன பதில் சொல்வது?

"தூரம்" என்று டாக்டர் தொடர்ந்தார். "காத்துல ஒருத்தர் வந்து தட்டினா, நான் வந்து சேர்றதுக்குள்ள அவர் பாடு என்ன ஆகும்?" எதிரே கை நீட்டினார். "அந்த மாடி காலியா இருக்கு போல?"

"அது வாடகைக்கு இல்ல."

"உங்க வீடுதானே அது?"

"ஆமா. என் வீடு."

டாக்டர் நீட்டிய கையை இறக்கினார். ஊரில் அத்தனை வீட்டையும் திறந்து காட்டிய அக்கா, தன் வீட்டு மாடியைக் கணவர் போன பிறகு திறக்கவே இல்லை. கடைசியில் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து முன்னால் நடந்தார். மாடிப்படி ஏறும்போது பழக்கம் விடவில்லை.

"மேல் படி ஆடும். பாத்து வாங்க. மேற்கு ஜன்னல் திறக்காது." கதவைத் திறந்தார். பூட்டிக் கிடந்த அறையின் வாசனை வந்தது. "அப்புறம், கீழ ஒருத்தி இருக்கா. ராத்திரியில தூங்க மாட்டா. அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருப்பா."

"சத்தம் கேக்குமா?"

"கேக்கும்."

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூடினார். பிறகு வாசற்படியிலேயே நின்றுவிட்ட அக்காவிடம், "நடக்கட்டும். டாக்டரா சொல்றேன், நடக்குறது உடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைப் பக்கம் போனார்.

அக்கா மெதுவாக இறங்கி வந்தார். தலைவர் தெருவில் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். "என்ன சொன்னாங்க? போறாங்களா?" என்று காற்றுக்கு மேல் கத்தினார்.

"குழாயில தண்ணி வருதான்னு பாக்குறாங்க."

சுவரை ஒட்டி இறங்கும் குழாயில் முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு இருமியது. பிறகு தண்ணீர் விழத் தொடங்கியது.