வெள்ளிக்கிழமை பிடித்தால் நான்கு நாள்

ரிசேவ் பொலிசுக்கு எட்டாம் வகுப்புப் போதும் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் விண்ணப்பம் போட்டேன். அப்போது கல்முனைச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் உப்பளம், அரிசி ஆலை, ஒலுவிலில் ஒரு மீன் வாடி. எதிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை.

பரீட்சையில் பொது அறிவுக்கு ஐம்பது கேள்வி. மாகாணங்கள் எத்தனை, கொடியில் அரச இலைகள் எத்தனை என்பவை தெரிந்தவை. ஆறுகளின் நீளம் தெரியாமல் விட்டேன். ஒரு கேள்வியை வாசித்தபோது மட்டும் சந்தோசமாக இருந்தது. கைது செய்யப்பட்ட ஒருவரை எவ்வளவு காலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும்? மூன்று நாள் என்று எழுதினேன்.

எனக்கு அது புத்தகத்தில் படித்த விடை அல்ல. அதற்கு முந்தின வருடம் தெற்கே ஒரு பட்டணத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டை இல்லை என்று என்னைப் பிடித்துப் போனார்கள். செவ்வாய்க்கிழமை பகல் உள்ளே போட்டு வெள்ளிக்கிழமை பகல் விட்டார்கள். நான் உள்ளே போன அன்று வெளியே வந்த ஆள் அதற்கு முந்தின வெள்ளியே பிடிபட்டவர். அவருக்கு நாலு நாள். சனி, ஞாயிறு கோடு, அதாவது நீதிமன்றம், இல்லை, அதனால் ஒரு நாள் கூடுகிறது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். சட்டம் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வித்தாளை வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் அடுத்த முறை எழுதப்போகிறவர்கள் கல்முனையில் பரீட்சை மண்டபத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் கொப்பியோடு காத்திருப்பார்கள். வெளியே வருகிறவனை இருத்தி, பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்து, என்ன கேட்டான், என்ன விடை என்று எழுதிக்கொள்வார்கள். அந்தக் கொப்பியைப் பார்த்து இன்னொருவன் எழுதுவான். நானும் ரெண்டு பணிஸ் சாப்பிட்டேன். நிச்சயமாகத் தெரிந்த ஒரே விடையை அழுத்திச் சொன்னேன். “மூணு நாள். வெள்ளிக்கிழமை பிடிச்சா நாலு.”

பரீட்சையில் நான் சித்தியடையவில்லை. அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை.

ரெண்டு வருடம் கழித்துப் பாலமுனையில் நெல் வேளாண்மை வெட்டுக்குப் போனேன். என்னோடு வெட்டிய அந்த ஊர்க்காரன் ஒருவன் பொலிசுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வயது எல்லைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. வாப்பா மௌத்தாகி, கீழே மூன்று தங்கச்சிமார். இந்தத் தடவை தவறினால் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வயல்தான் என்று வெளிப்படையாகவே சொல்வான். பகல் சோறு தின்றதும் கொப்பியை என் கையில் தந்து கேட்கச் சொல்வான். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வான்.

ஒரு நாள் முப்பத்தோராம் கேள்விக்கு வந்தேன். அவன் சொன்னான். “மூணு நாள். வெள்ளிக்கிழமை பிடிச்சா நாலு.”

கொப்பியைப் பார்த்தேன். அழகான எழுத்தில், சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, நான் சொன்னது அப்படியே இருந்தது.

“இது நான் சொன்னது மச்சான்” என்றேன், கொஞ்சம் பெருமையாக.

“நீயா? நிந்தவூர்ப் பொடியன் ஒருத்தன்ட கொப்பியப் பார்த்து எழுதினது. அவன் சாய்ந்தமருதில வாங்கினான்.”

“அவனுக்கு எங்கால? கல்முனைக் கடையில நான் சொன்னதுதான்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நான் உள்ள கிடந்தன்தானே.”

சிரித்துக்கொண்டிருந்த அவன் முகம் மாறிவிட்டது. “சட்டம் எண்டு நினைச்சிப் பாடமாக்கி வச்சிருக்கன். நீ கிடந்த கதையா இது?”

அரைநாள் கூலியை விட்டுவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு மிதித்தான். கோட்டடியில் மனு எழுதிக் கொடுக்கும் திருக்கோவில்காரர் ஒருவர் தட்டச்சிலிருந்து தலை நிமிர்த்தாமல் விடை சொன்னார்.

“இருபத்தினாலு மணித்தியாலம்.”

“வெள்ளிக்கிழமை எண்டா, ஐயா?” என்று நான் கேட்டேன்.

“வெள்ளிக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? லீவு எண்டா நீதவான்ட வீட்டுக்குக் கொண்டுபோகணும். அவசரகாலச் சட்டத்தில பிடிச்சா அது வேற கதை. பரீட்சைக்கு இருபத்தினாலு எண்டு எழுதுங்க தம்பி.”

“என்னை மூணு நாள் வச்சிருந்தாங்க.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு?”

“அடையாள அட்டை இல்ல எண்டு.”

“நீதவான்?”

“யாரும் பார்க்கல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பில்தான் எனக்கு விளங்கியது. மதகில் குந்திவிட்டேன். பசி, அடி, வேலை போவது எல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த மூன்று நாளும் முறைப்படி நடக்கிறது என்று நம்பி, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒழுங்காகச் சுவரில் சாய்ந்து இருந்தேனே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் பக்கத்தில் நின்று சிவப்பு அடிக்கோட்டின் மேல் பேனையால் வெட்டிக்கொண்டிருந்தான். தாள் கிழிந்துவிட்டது.

பரீட்சைக்கு என்னையும் கூட்டிப்போனான். வெளியே வந்ததும், “வந்திச்சி” என்றான். இருபத்தினாலு என்று எழுதியிருந்தான். முன்வரிசை வாங்கில் இருந்தவன் மூணு நாள் என்று எழுதியதைக் கண்ணால் கண்டானாம்.

கடையில் கொப்பிகள் காத்திருந்தன. அவன் சரியான விடையைச் சொன்னதும் அட்டாளைச்சேனைப் பொடியன் ஒருவன் தன் கொப்பியைத் திருப்பிக் காட்டினான். “இதில மூணு நாள் எண்டு கிடக்கு காக்கா. நீங்க பயத்தில மாத்தி எழுதிட்டீங்க போல.” எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் எழும்பி, அது என் வாயிலிருந்து வந்த விடை என்றேன். பஸ், அட்டை, செவ்வாய், வெள்ளி எல்லாவற்றையும் முதல் தடவையாக, முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். தேத்தண்ணி ஆத்துகிறவனும் கையை நிறுத்திவிட்டான்.

“மூணு நாளும் சோறு தந்தாங்களா?” என்று அந்தப் பொடியன் மெதுவாகக் கேட்டான்.

“ரெண்டு நேரம்.”

அவன் குனிந்து தன் கொப்பியில் வெட்டி எழுதினான். மற்றவர்களும் எழுதினார்கள். போன தடவை என் விடையை எழுதிவிட்டுத் தவறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

மழை தொடங்கும்போது பாலமுனைக்காரனுக்குக் கடிதம் வந்தது. பயிற்சிக்குப் போகிற அன்று பஸ்சுக்கு நிற்கையில் தங்கச்சிமாரைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

“நீ மொதல்ல போய் அடையாள அட்டைய எடு” என்றான். “நான் எல்லாச் சோதனைச் சாவடியிலயும் நிக்கமாட்டன்.”